மூடிய கணக்குக்குள் ஒருவர்

எங்கள் ஆபீஸில் அவரைப் 'பூட்டக்கா' என்போம். கணக்கு திறக்க, உள்ளே நுழைய, மூட, எங்கள் செயலிகள் அத்தனையும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பைத்தான் நம்பியிருந்தன. அதில் ஓட்டை விழுந்தால் எல்லார் வீட்டுக் கதவும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொரு பூட்டையும் ஆட்டிப் பார்ப்பது அக்கா வேலை. நுழைவுப் பக்கத்தில் வரும் 'நீங்கள் யார்?' என்ற வரி மட்டும் நான் எழுதியது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவன், சும்மாவா? அப்பாவிடம் படம் எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

சோதனைக்கு நாங்கள் வாய்க்கு வந்த பெயரைப் போடுவோம். அக்கா மட்டும் இறந்துபோன தன் அண்ணன் பெயரிலேயே கணக்கு வைத்திருந்தார். சோதனைச் செயலியை முதலில் போட்டுப் பார்த்ததே அண்ணன் போனில்தானாம்.

அன்று காலை புதிய சோதனை ஒன்று எழுதினார்: கணக்கை மூடியபின் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. எங்கள் கணக்கெல்லாம் பச்சை, தேறிவிட்டன. அண்ணனுடையது சிவப்பு. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்றது திரை. மறுபடி ஓட்டினார். 'கடைசிப் பயன்பாடு: இப்போது.'

நான் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பேரை மாத்திட்டு அனுப்பும்மா. சாயங்காலம் வெளியிடணும்," என்றார் எங்கள் டீம் தலைவர்.

"பேரை மாத்தினா பச்சையாயிடும் சார். உள்ள இருக்கிறவர் போயிடுவாரா?"

"பேய்க்கெல்லாமா பாஸ்வேர்டு குடுத்தோம்?" என்றேன்.

அக்கா விடாமல் தோண்டினார். கணக்கை மூடினாலும், முன்பே நுழைந்திருந்த போனைத் தொகுப்பு வெளியே தள்ளவில்லை. அது எந்த போன் என்று பார்த்தவர், உடனே வீட்டுக்குப் பேசினார்.

"அம்மா, அண்ணன் போன் எங்க?"

"என் கையிலதான். தினம் சார்ஜ் போடுறேன்ல? தொட்டா 'வணக்கம்'னு அவன் பேரோட வருதுடி. ஏன் கேக்குற?"

"சும்மாதாம்மா."

"இத ஒண்ணை மட்டும் விட்டுடலாமேக்கா," என்றேன் மெதுவாக.

"யாரோ தொலைச்ச போனும் இப்படித்தான் உள்ளயே உக்காந்திருக்கும் தம்பி."

திருத்தி ஓட்டினார். எல்லாம் பச்சை. தலைவர் கைதட்டினார். அக்காவின் போன் அதிர்ந்தது. அடுத்த சீட்டில் இருந்த எனக்கே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"என்னடி இது? அவன் என்னைப் பாத்து, நீங்க யாருன்னு கேக்குறான்."