கரண்டிக்கு வழக்கு இல்லை

டெக்சஸ் சிறையில் கைதி லியோட்டிஸ் ஹார்பினுக்கு வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டவில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் சிறை நூலகத்துப் பெஞ்சைத் தேய்த்ததில் சட்டம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஊருக்கெல்லாம் மனு எழுதியவருக்குச் சொந்த வழக்கும் ஒருநாள் வந்து சேர்ந்தது. விலங்கோடு நின்றவரைக் காவலர் டட்டில் பீன்ஸ் கரண்டியால் முகத்தில் அறைந்தார். முன்பற்கள் இரண்டு போயின.

அடித்ததை டட்டில் மறுக்கவே இல்லை. 'அது தவறென்று எந்தத் தீர்ப்பு எனக்குச் சொன்னது?' என்று கோர்ட்டில் கேட்டார். இங்கே அது விதண்டாவாதம் அல்ல, சட்டம். அதே மாதிரி அடி தவறென்று முன்பே தீர்ப்பு இருந்தால்தான் காவலர் மாட்டுவார். லியோட்டிஸ் தேடினார். லத்திக்கு இருந்தது, டார்ச்சுக்கு இருந்தது, பூட்ஸுக்கு மூன்று இருந்தது. கரண்டிக்கு இல்லை.

"பெருசு, 'டார்ச்சாலயே அடிங்க பாஸ், அதுக்குத்தான் வழக்கு இருக்கு'ன்னு கேட்டு வாங்கியிருக்கலாம்ல," என்றான் அறைக்கூட்டாளி வெண்டல்.

"சிரிடா. பல்லு இருக்கிறவன் சிரிக்கத்தான் செய்வான்."

தோற்போம் என்று அவருக்குத் தெரியும். கரண்டியால் அடித்தது தவறு என்று நீதிபதி ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அடுத்தவனாவது பிழைப்பான். அந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் கைகழுவிவிடும் நீதிபதிகள்தான் அதிகம்.

நாலு வருடம் கழித்து மேல்கோர்ட் தீர்ப்பு வந்தது. டட்டில் தப்பித்தார். ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. பல் போன சந்தில் காற்று விசிலடிக்க, லியோட்டிஸ் அதை மூன்று தடவை உரக்கப் படித்தார்.

"தோத்துட்டு இந்த ஆட்டம் ஆடுறவர இப்பத்தான் பாக்கறேன்," என்றான் வெண்டல்.

"தோத்தது நான்டா. கரண்டிக்கு வழி அடைச்சாச்சு."

அடுத்த வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் சோளரொட்டி கல்லாக இருக்கிறதென்று வெண்டல் வாயைக் கொடுத்தான். விலங்கு மாட்டினார்கள். டட்டில் கரண்டியை ஓங்கினார். வரிசையில் நின்ற லியோட்டிஸைப் பார்த்தார். கரண்டியைப் பதவிசாகப் பானைக்குள் வைத்துவிட்டுப் பானை மூடியை எடுத்தார்.

"பெருசு, மூடிக்கு வழக்கு இருக்கா?" என்று கேட்டான் வெண்டல்.

லியோட்டிஸ் சட்டைப்பையில் பென்சிலைத் துழாவினார்.

"இல்லடா தம்பி. இனிமேதான் வரணும்."