தெப்பக்குளத்தில் விழுந்த பச்சை எஞ்சின்

எங்கள் சொந்தத்தில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. 'அத்தை கல்யாணத்தை ரயில் விட்டுக் கவுத்த பய' என்றால் உடனே தெரிந்துவிடும். எட்டு வயதில் வாங்கிய பட்டம். அதோடுதான் பள்ளிக்கூடம் போனேன், மீசை வளர்த்தேன். என் கல்யாணப் பந்தியில்கூட ஒரு பெரியவர், "மாப்ள கையில ரயில் கியில் இருக்கான்னு பாத்துக்கங்கப்பா" என்றார். பந்தியே சிரித்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் எங்கள் வீடு ஆவணி மூல வீதியில் இருந்தது. அப்பாவுக்குப் பாத்திரக் கடை. அம்மாவின் அண்ணனான என் மாமா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். நான் பிறந்த வருஷம் அவர் கொண்டுவந்த பொம்மை ரயில் ஒன்று எங்களிடம் இருந்தது. கறுப்புத் தகர எஞ்சின், நீண்ட புகைபோக்கி, பின்னால் இரண்டு பெட்டிகள், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம். சாவி கொடுத்தால் ஓடும். ஓடும் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான், முனகிக்கொண்டே நகரும். நவராத்திரி வந்தால் கொலுப்படிக்கு முன்னால் போடும் பூங்காவை அது சுற்றி வரும். ரயில் ஓட்டுவது என் வேலை. பூங்கா போடுவதும் தண்டவாளம் பூட்டுவதும் அத்தையின் வேலை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போனபின் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். பதினெட்டு வயது ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அது வீட்டுக்காரர்கள் தூக்கத்தைத் தொலைக்கிற வயது. என்னை 'மருமகனே' என்றுதான் கூப்பிடுவாள். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து, நடுவே களிமண்ணில் மைய மண்டபம் செய்து வைத்து, அதன்மேல் ஓர் அகல் ஏற்றுவாள். மாரியம்மன் தெப்பக்குளத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்று கொலுவுக்கு வருகிற பெண்கள் சொல்வார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தைய ஒரு நவராத்திரிக்கு மாமா புது எஞ்சின் கொண்டுவந்தார். அதே கம்பெனி, அதே தண்டவாளத்தில் ஓடுவது, ஆனால் புது மாடல். பச்சை நிறம், சிவப்புச் சக்கரம், குட்டைப் புகைபோக்கி. அன்று மதியமே நானும் அத்தையும் ஓட்டிப் பார்த்தோம். அது கிளம்பிய வேகத்தில் நான் வாயைப் பிளந்தேன். கொஞ்சம் நெளிந்திருந்த ஒரு வளைவில் அது தடம் புரண்டு மல்லாந்தது. மறுபடி விட்டோம். மறுபடி அங்கேயே விழுந்தது. பழைய எஞ்சின் அதே வளைவை மாட்டு வண்டி மாதிரி நிதானமாகக் கடந்து போனது.

"கிழடுன்னாலும் இது வீடு வந்து சேரும் மருமகனே. இந்த வருசமும் இதையே ஓட்டுவோம்" என்றாள் அத்தை. எனக்கு அழுகை வந்தது. பச்சை எஞ்சின் வெறும் பார்வைக்கு ஓரமாக நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் கொலு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். கொலு ஒரு பெயருக்குத்தான். பெண் பார்க்க வந்து வேண்டாமென்று போனால் பெண்ணுக்குக் கெட்ட பெயர். கொலு பார்க்க வந்தவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய இடம் என்றாள் அம்மா. இரண்டாம் தாரம், மூத்தவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அடுப்படியில் பேச்சு அடிபட்டது. கூட விளையாட இரண்டு பேர் கிடைப்பார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். வியாழக்கிழமை அத்தை அப்பாவிடம் ஏதோ சொல்லிப் பார்த்தாள். "இம்புட்டு நாள் அலைஞ்சு இந்த இடந்தேன் அமைஞ்சிருக்கு. பேசாம இரு" என்று அப்பா முடித்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் நான் பழைய எஞ்சினுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்தாள். குனிந்து தெப்பக்குளத் தாம்பாளத்தை வளைவுப் பக்கம் சற்று நகர்த்தினாள். என் கையிலிருந்த எஞ்சினை வாங்கி வைத்துவிட்டுப் பச்சை எஞ்சினைக் கொடுத்தாள்.

"பழசு வேணாம் மருமகனே. புதுசை ஓட்டு."

"அது விழுந்துருமே அத்தை."

"விழுகாது. தண்டவாளத்தச் சரி பண்ணிட்டேன். சாவிய முழுசாக் குடு. அப்பத்தேன் பாக்க நல்லாருக்கும்."

அத்தை சொன்ன பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை. சாவி நகராத வரைக்கும் முறுக்கினேன்.

வந்தார்கள். முன்கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்த நரைத்த மனிதரை மாப்பிள்ளையின் தகப்பனார் என்று நினைத்தேன், அவர்தான் மாப்பிள்ளையாம். அவருடைய தாயார் உள்ளே வந்து தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். அத்தையைப் பாடச் சொன்னார்கள். அத்தை பாட ஆரம்பித்தாள். அம்மா எனக்குக் கண் காட்டினாள். நான் எஞ்சினை விட்டேன்.

வளைவு வரைக்கும்தான் அது தண்டவாளத்தில் போனது. அப்புறம் நேராகத் தாம்பாளத்துக்குள் பாய்ந்தது. மண்டபம் சரிந்தது. அகல் தண்ணீரில் விழுந்து சுர்ரென்று அணைந்தது. நீலத் தண்ணீர் அந்த அம்மாளின் புடவையில் வாரி அடித்தது. சிவப்புச் சக்கரங்கள் தண்ணீருக்குள்ளும் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த அம்மாள் புடவையைக்கூட உதறவில்லை, அகல் இருந்த இடத்தையே பார்த்தார். "விளக்கு மலையேறிருச்சு" என்று கூட வந்தவளிடம் தணிந்த குரலில் சொன்னார். பெண் பாடும்போது விளக்கு அணைந்தால் அதற்குமேல் பேச ஒன்றும் கிடையாது. "ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்" என்று எழுந்துகொண்டார்கள். சுண்டலைக்கூட வாங்கவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அத்தை குறுக்கே வந்து விழுந்தாள். "அவன அடிக்காதீகண்ணே. சின்னப் பிள்ளை, அவனுக்கென்ன தெரியும்?" என்றாள். அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது. புது எஞ்சினை ஓட்டச் சொன்னது யார் என்று நான் வாயே திறக்கவில்லை. சாவியை அளவுக்கு மிஞ்சி முறுக்கிக் கெடுத்தது நான்தான் என்று நம்பினேன். திண்டுக்கல்லிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அத்தை சோறு போட்டால் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு ஓடினேன். தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும்.

கடைசியில் தாங்க மாட்டாமல் ஒருநாள் பச்சை எஞ்சினைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். "நீயே வச்சுக்க அத்தை. எனக்கு வேணாம்" என்றேன். அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். அழுதது மட்டும்தான் என் மனதில் நின்றது.

அடுத்த நவராத்திரிக்குத் தண்டவாளம் பூட்டியபோது பார்த்தேன், அந்த வளைவு பழைய நெளிசலோடே இருந்தது. சரி பண்ணினோம் என்று நினைத்து மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அத்தையைத் திருமங்கலத்து வாத்தியார் ஒருவர் கட்டிக்கொண்டார். அவளைவிட நாலைந்து வயதே மூத்தவர். நவராத்திரிக்கு எங்களை அங்கே அழைப்பார்கள். அத்தை வீட்டுக் கொலுவில் பச்சை எஞ்சின் பூங்காவில் இருக்காது. மேல்படியில், சாமி பொம்மைகளுக்கு நடுவே, நெற்றியில் குங்குமத்தோடு நிற்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் காது சுடும். ஊரே மறந்தாலும் இவள் மறக்க விடமாட்டாள், நான் செய்ததை வருஷா வருஷம் எல்லாரும் பார்க்க எடுத்து வைக்கிறாள் என்று நினைத்துச் சுவரோரமாகப் போய் நின்றுகொள்வேன். அத்தை சுண்டலைச் சாமிக்குக் காட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முதல் கரண்டியை என் கையில் வைப்பாள். மன்னிக்க முடியாத ஒன்றுக்கு யாரும் குங்குமம் வைக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.