ஹெரன்ஸ் ஊரைவிட்டுப் போன காரணம்

காசிமிர் வோய்டாஸுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஒரு நாய்கூட இல்லை. ஒரு பேஸ்பால் அணி இருந்தது. அதுவும் ஊரைவிட்டுப் போய்விட்டது. போன அணியின் வரலாற்றை, யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவதுதான் ஓய்வுபெற்ற பிறகு அவன் பார்த்த வேலை. சம்பளம் கிடையாது. மரியாதை அதைவிடக் கிடையாது.

எங்கள் ஊர் போர்ட் மார்ல், ஏரிக்கரையில் இருக்கிறது. எங்கள் அணி ஹெரன்ஸ், அதாவது நாரைகள். தொப்பியில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை. அந்த நாரை இப்போது தெற்கே சாண்டோவல் என்ற பாலைவன ஊரில் நிற்கிறது. ஸ்டிக்னி என்ற முதலாளி அணியைக் கொண்டுபோனபோது பெயரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டான். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் நாரைக்கு என்ன வேலை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கலைக்களஞ்சியத்தில் அணிக்கு ஒரே கட்டுரைதான். அதில் சாண்டோவலுக்குப் பக்கம் பக்கமாக இடம். எங்கள் ஊரில் அணி ஆடிய காலம் முழுவதற்கும் ஒரு பத்தி. அந்தப் பத்தி இப்படி முடியும்: “ரசிகர்களின் ஆதரவு இல்லாததால் அணி இடம் மாறியது.”

இந்த ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் காசிமிரின் வெறி. வயிற்றெரிச்சல் என்றும் சொல்லலாம். எனக்கும் அதே வயிற்றெரிச்சல் உண்டு.

நடந்தது இதுதான். ஸ்டிக்னி நல்ல ஆட்டக்காரர்களை விற்றான், டிக்கெட் விலையை ஏற்றினான், நகரம் தன் செலவில் புது மைதானம் கட்டித்தர வேண்டும் என்று அடம்பிடித்தான். காசிமிருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு கோடை முழுக்க ஒருவரும் டிக்கெட் வாங்கக் கூடாது. கல்லா காய்ந்தால் அவன் அணியை வேறு நல்லவர் யாருக்காவது விற்றுவிட்டுப் போவான். காசிமிர் அப்போது ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடை கடையாக ரொட்டியோடு சேதியையும் இறக்கினான். ஊர் கேட்டது.

ஆனால் ஆட்டத்தை விட்டு யாரால் இருக்க முடியும்? மைதானத்துக்கு எதிரே என் மதுக்கடை. எல்லாரும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். வானொலியைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து வைப்போம். மட்டையில் பந்து படும் சத்தம் முதலில் ஜன்னல் வழியாக வரும். வானொலிக்காரர் வாயைத் திறப்பதற்குள் கடை முழுக்க எழுந்து நிற்கும். அந்தக் கோடையில் நான் ஊற்றிய பீருக்குக் கணக்கில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கைகள் காலி, இந்தப் பக்கம் நிற்க இடமில்லை. கோடை முடிந்ததும் ஸ்டிக்னி காலி இருக்கைகளைப் படம் பிடித்து, ரசிகர்களே இல்லை என்று காட்டிவிட்டு, மூட்டையைக் கட்டினான். பின்னாலேயே என் கடையும் மூடிற்று.

அன்றிலிருந்து காசிமிரைக் கண்டால், “வாடா, டீமைத் துரத்தினவனே” என்றுதான் கூப்பிடுவேன். அவனும் சிரிப்பான். வெள்ளிக்கிழமை தோறும் மாதா கோவில் கூடத்தில் பொரித்த மீன் சாப்பாடு. இருவரும் ஒரே மேஜையில் உட்காருவோம். அவனுக்கு மீனைவிடக் கலைக்களஞ்சியப் பேச்சுதான் முக்கியம்.

“ரசிகர்கள் முதலாளியை எதிர்த்துதான் மைதானத்துக்குப் போகல, எதிர்க்கடையில உக்காந்து எல்லா ஆட்டத்தையும் கேட்டாங்கன்னு எழுதினேன். காபி ஆறறதுக்குள்ள தூக்கிட்டான், லொரெட்டா.”

“எவன்?”

“நாரை77ன்னு பேர் வெச்சிருக்கான். சாண்டோவல்காரன். அந்தக் கட்டுரைக்கு வாட்ச்மேன் மாதிரி உக்காந்திருக்கான். ஆதாரம் எங்கேங்கறான்.”

“நான் இருக்கேனே. இவ்ளோ பெரிய ஆதாரம் அவனுக்குப் பத்தாதாமா?”

“நீ அச்சுல வரலியேடி.”

அச்சில் எப்படி வரும்? எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு அந்தக் காலத்தில் ஸ்டிக்னியின் விளம்பரம்தான் சோறு போட்டது. எங்களைப் பற்றி ஒரு வரி போடவில்லை. காலி இருக்கைகளின் படத்தை மட்டும் முதல் பக்கத்தில் போட்டார்கள். அந்தப் படத்துக்கு ஆதாரம் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. காசிமிர் எழுதுவான், நாரை77 அழிப்பார். பல வருஷம் இப்படியே ஓடியது. நாரை77 ஒருநாளும் மரியாதை தவறிப் பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பழைய மைதானத்தை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அதே பத்திரிகை டெலேனி என்ற நிருபரை அனுப்பியது. சின்னப் பெண். காசிமிர் டை கட்டிக்கொண்டு வந்தான். கடைசியில் அச்சில் வரப்போகிறோம் என்று அவன் முகத்தில் அப்படி ஒரு களை. மீன் மேஜையிலேயே பேட்டி நடந்தது.

“அப்போ நீங்க எல்லாரும் போகாததாலதான் டீம் போச்சா, சார்?” என்று கேட்டாள்.

“டீமைக் காப்பாத்தத்தான்மா போகல.”

“யார் யோசனை அது?”

“என்னோடது. மத்தவங்க என் பேச்சைக் கேட்டாங்க, அவ்வளவுதான்.”

பெருமையாகச் சொன்னான். மேஜைக்கு அடியில் அவன் காலை உதைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரைக்குத் தலைப்பு, ‘அணியைத் துரத்திய ரசிகர்கள்.’ நான் இத்தனை வருஷமாக வாய்க்கு வந்தபடி கேலி பண்ணியதுதான். அச்சில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. மறுநாளே கலைக்களஞ்சியமும் மாறியது: “நகர மக்கள் நடத்திய புறக்கணிப்பால் அணி இடம் மாறியது.” கீழே ஆதாரமாக எங்கள் பத்திரிகை. நாரை77 காசிமிருக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். “உங்கள் பொறுமைக்கு நன்றி. நீங்கள் கேட்ட தகவலைச் சேர்த்துவிட்டேன்.”

காசிமிர் ஸ்டிக்னியின் பெயரைச் சேர்த்துப் பார்த்தான். பத்திரிகையில் அப்படி இல்லை என்று நாரை77 அழித்தார். கடைசியில் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். சமையலறை மேஜையில் கணினி திறந்திருந்தது.

“ஊரே சேர்ந்து துரத்திச்சுன்னு போட்டுட்டான்” என்றான்.

“ஸ்டிக்னி எப்படியும் போயிருப்பான்டா. அந்தக் கோடைக்கு முன்னாடியே சாண்டோவல்ல கையெழுத்துப் போட்டுட்டான்னு யாருக்குத்தான் தெரியாது?”

“எல்லாருக்கும் தெரியும். எவனும் எழுதலியே.”

சொல்லிவிட்டுத் தட்டினான். ‘நகர மக்கள்’ என்பதை எடுத்துவிட்டு, ‘காசிமிர் வோய்டாஸ் என்ற ரொட்டி வண்டி ஓட்டுநர்’ என்று போட்டான்.

“டேய், என்னடா பண்றே? உலகமே படிக்கும்டா!”

“படிக்கட்டும். பேப்பர்ல நானே சொன்னதுதானே. ஊருக்கு இந்தக் கெட்ட பேர் வேணாம்.”

நாரை77 அழிப்பார் என்று காத்திருந்தோம். அழிக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவன் எழுதி அங்கே நிலைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் எழுந்து அடுப்பில் காபி வைத்தான்.

போன பிப்ரவரியில் காசிமிர் இறந்தான். மாதா கோவிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதருக்கு அவனைத் தெரியாது. பிரசங்கத்துக்காக இணையத்தில் தேடியிருக்கிறார். வேறென்ன கிடைக்கும்? “ஒரு மனிதரின் தவறு ஒரு நகரத்தின் மகிழ்ச்சியையே பறிக்கலாம். ஆனாலும் ஆண்டவர் அவரை மன்னிக்கிறார்” என்று உருக்கமாகச் சொன்னார். என் கடையில் அந்தக் கோடை முழுக்கத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஆமாம் என்று தலையைக்கூட ஆட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். “அவன் மட்டும் இல்ல ஃபாதர், நாங்க எல்லாரும்தான்” என்றேன்.

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் இந்தக் கிழவி என்று நினைத்திருப்பார். அன்பாகச் சிரித்து, என்னை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.