அல்லிக்குழி மலையடியில் விட்டுவந்த வண்டி

காலை ஆறே கால் மணிக்குப் பெரம்பூர் ஸ்டேஷனில் அரக்கோணம் பாசஞ்சரில் ஏறினோம், நானும் என் தங்கை சரோஜாவும். திருவள்ளூருக்கு ஆளுக்கு எண்பது காசு டிக்கெட். என் தோள்பையில் ஸ்பானர் செட்டு, புது ஸ்பார்க் பிளக் ஒன்று, காற்றடிக்கும் பம்பு, கிழிந்த வேட்டித் துணி. அவள் கையில் ஒரு தூக்குச் சட்டி. ஜன்னலோரமாக உட்கார்ந்தவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். இரண்டு மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை.

எழுபத்து மூன்றாம் வருடம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. சரோஜாவின் புருஷன் குமரேசனின் மோட்டார் சைக்கிள் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் ஒரு மலையடி ஊரில் நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவரத்தான் போனோம். எடுத்து வந்து என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் புருஷனிடம் என் காதுபடச் சொன்னாள்: "திருவள்ளூர்லயே பழைய இரும்புக் கடையில போட்டுட்டு வந்துடுவேன். அது இந்த ஊட்டு வாசப்படி ஏறக் கூடாது."

கட்டுப்போட்ட காலை ஸ்டூலின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்த குமரேசன், "உன் இஷ்டம்" என்றார்.

அது சாதாரண வண்டி அல்ல. ட்ரையல்ஸ் பந்தயத்துக்காக நானும் மாப்பிள்ளையும் ஒரு வருடம் உழைத்து மாற்றிய டூ-ஸ்ட்ரோக் வண்டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் சோழவரத்தில் பறப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ட்ரையல்ஸ் அப்படி இல்லை. மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, பாறை, ஓடை, சேறு, செங்குத்தான மேடு எல்லாவற்றிலும் வண்டியை ஓட்டிக் கடக்கவேண்டும். கால் தரையில் படக் கூடாது. ஒரு தரம் பட்டால் ஒரு புள்ளி போகும். வண்டி நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. அதற்காகப் பின்பக்கத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினோம். சைலன்சரை மேலே தூக்கிக் கட்டினோம். கால் வைக்கும் கட்டையைப் பின்னால் தள்ளி வெல்டு வைத்தோம். நான் ஒரு லேத் பட்டறையில் டர்னர். வண்டியைப் பூட்டுவது நான், ஓட்டுவது அவர். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த ஒரு நாளையும் இந்த வண்டிக்கே கொடுத்தோம்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, பயிற்சிக்காக அல்லிக்குழி மலையடிக்கு வந்திருந்தோம். நான் ஓடையின் மேற்பக்கம் அரை மைல் தள்ளிக் கற்களை அடுக்கிப் பாதை அமைத்துக்கொண்டிருந்தேன். கீழே இஞ்சின் சத்தம் நின்றது. ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து கால் மணி நேரம் கழித்து இறங்கிப் போனேன். மாப்பிள்ளை மர நிழலில் நினைவில்லாமல் கிடந்தார். தலையில் ரத்தம், வலது கால் கணுக்காலுக்கு மேல் வளைந்திருந்தது. நாலைந்து ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். வண்டி ஒருபக்கம் கிடந்தது. அதன் முன்சக்கரம் தனியாக நாலடி தள்ளிக் கிடந்தது.

 முதல் நாள் இரவு அந்தச் சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைத்துப் பூட்டியவன் நான். நட்டை முறுக்கியது நினைவிருந்தது. நட்டு கழன்று வராமலிருக்க அச்சின் துளையில் செருகி இரண்டு காலையும் விரித்து மடக்கவேண்டிய சிறு கம்பி ஒன்று உண்டு. ஸ்பிளிட் பின் என்போம். அதைச் செருகினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அணைக்கட்டு வேலையாக அந்தப் பக்கம் வந்திருந்த ஒரு ஜீப்பை நிறுத்தி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அவரைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். யாரிடமும் ஒன்றும் விசாரிக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த சரோஜா கேட்டது ஒரே கேள்வி. "நீதானே பூட்டுன?"

"ஆமா" என்றேன். அதோடு சரி.

மாப்பிள்ளைக்கு அன்றைய காலை முழுவதும் நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தது. எப்படி விழுந்தேன் என்று அவரே என்னைக் கேட்டார். பத்தே நாளில் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. வண்டியின் கருவிப்பையில் எழுதியிருந்த என் விலாசத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். 'வண்டி எங்கள் வீட்டில் பத்திரமாக உள்ளது. வந்து எடுத்துக்கொள்ளவும். சின்னப்பன், லாரி டிரைவர்.' அதை இரண்டு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்த அச்சைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்பதுதான் உண்மை. கடைசியில் கார்டை மாப்பிள்ளையிடம் காட்டியபோது, தானும் வருவேன் என்று சரோஜா நின்றாள்.

ஏழே முக்காலுக்குத் திருவள்ளூர். ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி பத்து காசு, டீ பதினைந்து காசு. சரோஜா டீ மட்டும் குடித்தாள். ஒரு பங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோலைத் தகர டப்பாவில் வாங்கி அங்கேயே ஆயில் கலந்துகொண்டேன். எட்டரைக்குப் பூண்டி பஸ். திருப்பாச்சூர் கோபுரத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். டப்பாவிலிருந்து பெட்ரோல் வாடை வருகிறது என்று கண்டக்டர் சண்டை பிடித்தார். "ஆஸ்பத்திரி கேஸுங்க" என்று சரோஜா ஒரு பொய் சொன்னாள். அவர் அடங்கிப் போனார். என்ன ஆஸ்பத்திரி, என்ன கேஸ் என்று அவரும் கேட்கவில்லை.

பூண்டியில் இறங்கியபோது மணி ஒன்பதரை. நீர்த்தேக்கம் நிறைந்து, கரை நெடுகக் காற்று. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் நடை. பாதி தூரத்துக்குமேல் பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. முஷ்டி அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள், வழவழவென்று, காலை வைத்தால் உருளும். அந்தக் கற்களுக்காகத்தான் மாப்பிள்ளை இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். சரோஜா இரண்டு முறை சறுக்கினாள். இரண்டாம் முறை நான் கையை நீட்டினேன். அவள் ஒரு புதரைப் பிடித்து எழுந்துகொண்டாள்.

சின்னப்பன் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. கொட்டகைக்குள் சாக்குப் போர்த்தி வண்டி நின்றிருந்தது. முன்சக்கரமும் பூட்டியிருந்தது!

சின்னப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். ஜல்லி லாரி ஓட்டுகிறவர். ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு இருந்தார். "வாங்க சார், வாம்மா. அவரு எப்பிடி இருக்காரு, அத்தச் சொல்லு மொதல்ல" என்றார்.

"கால்ல கட்டு. கம்பு ஊனி நடக்கிறார்."

"அப்பாடா. ரோசம்மா, இங்க வா, உயிரோட கீறாராம்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ரோசம்மா வெளியே வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

நான் நேரே வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்தேன். அச்சின் நுனியில் நட்டு இருந்தது. துளையில் பின் இல்லை. அதற்குப் பதில் ஒரு கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. அப்படியானால் நான் பின்னைச் செருகவே இல்லை. சரோஜா பின்னால் வந்து நின்றாள். அதை என் முகத்திலிருந்தே அவள் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"இன்னா சார் பாக்கற? கம்பி நான்தான் கட்டினேன்" என்றார் சின்னப்பன். "பழைய ஊசி ஒடஞ்சி பூட்ச்சி. அத்தக் கயட்டறதுக்குள்ள நான் பட்ட பேஜாரு இருக்கே, அது எனக்குத்தான் தெரியும்."

"எந்த ஊசி?" என்றேன்.

"இந்த நட்டுல போடுவாங்களே. யாரு சார் பூட்டுனது? ரெண்டு காலையும் அப்பிடி மடக்கி அறைஞ்சி வச்சிருந்தான். அவரு காலு சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல மாட்டிக்கினு கெடக்குது, இழுத்தா இன்னும் முறிஞ்சிடும். சக்கரத்தக் கயட்டுனாத்தான் வரும். லாரி கட்டிங் பிளேயரை எடுத்தாந்து நிமித்தறேன், நிமித்தறேன், வரமாட்டேங்குது. கடைசில அறுத்துத்தான் எடுத்தேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சரோஜா முந்திக்கொண்டாள். "அப்போ சக்கரம் தானா கழண்டு வர்லியா?"

"தானாவா? நல்லா கேட்டியேம்மா. இடுக்கிலேருந்து காலை எடுக்கணும்னு நான் கயட்டுனது."

"விழுந்தப்போ சக்கரம் வண்டியிலதான் இருந்துச்சா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

சின்னப்பன் மனைவியைப் பார்த்தார். ரோசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பிறகுதான் விஷயம் வந்தது. அன்று அவள் ஓடைக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மேலிருந்து கற்களின்மேல் மெதுவாக இறங்கி வந்திருக்கிறார். பிறந்து நாலு நாளே ஆன குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது.

"நேரா வந்திருந்தார்னா குட்டிமேல ஏறியிருக்கும். அவரு வண்டிய ஒரேயடியா ஒடிச்சித் திருப்புனாரும்மா. அந்தப் பக்கம் பெரிய கல்லு. குப்புற வுழுந்துட்டாரு. என் குட்டியாலதான். போலீஸ் வரும், கேஸ் போடுவாங்கன்னு நான்தான் இவர எதுவும் எழுதக் கூடாதுன்னு சொன்னேன். தெனம் ஜெபம் பண்றேன் தங்கச்சி, அவரு பொயச்சிக்கணும்னு."

சரோஜா அவள் பக்கத்தில் போய் நின்று தோளைத் தொட்டாள். "அயாதீங்கக்கா. யாரும் கேஸ் போட மாட்டாங்க. அவரு நல்லா இருக்காரு. சோறு பத்தலேன்னு சண்டை போடற அளவுக்கு நல்லா இருக்காரு."

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அழவில்லை.  இரண்டு மாதமாகப் பட்டறையில் ஒவ்வொரு வேலையையும் மூன்று முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன பிறகு பாதி வழி திரும்பி வந்து லேத் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அந்த நிமிஷம் என்னைவிட்டு இறங்கியது.

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை வேலை. டாங்கியில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தேன். பிளக்கை மாற்றினேன். வளைந்த ஹாண்டில்பாரை சின்னப்பன் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நிமிர்த்தினார். ட்ரையல்ஸுக்காக டயரில் காற்றைக் குறைத்து வைத்திருந்தோம். ரோட்டில் ஓட்ட அது ஆகாது, பம்பு அடித்தேன். அச்சிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்துவிட்டு என் பையிலிருந்த புதுப் பின்னைச் செருகினேன். சரோஜா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைக் கவனித்தாள்.

"இதுதானா அது?" என்றாள்.

"இதுதான்."

"இம்மாந்துண்டு" என்றபடி எழுந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோற்றை நாலு பேருக்கும் பங்கிட்டாள். ரோசம்மா கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

பத்தாவது உதைக்கு இஞ்சின் பிடித்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பின்னால் சீட்டு இல்லாததால் மட்கார்டின்மேல் சாக்கை நாலாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டினார் சின்னப்பன். "பூண்டி வரைக்கும் உட்கார்ந்துக்க. அங்க பஸ் பிடிச்சிக்கலாம்" என்று சரோஜாவிடம் சொன்னேன். அவள் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கற்களின்மேல் முதல் கியரில் இறங்கியதை நான் மறக்கமாட்டேன். வண்டியைப் பூட்டத் தெரிந்த அளவுக்கு ஓட்டத் தெரியாதவன் நான். பின்னால் தங்கை. எழுந்து நின்று முழங்காலை லேசாக மடித்து, மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி கண்ணைச் சக்கரத்தில் வைக்காமல் பத்தடி முன்னால் வைத்தேன். கால் தரையில் நாலைந்து தரம் பட்டது. பந்தயமாக இருந்தால் தோற்றிருப்பேன். ஒவ்வொரு தரம் பட்டபோதும் "ஒண்ணு", "ரெண்டு" என்று பின்னாலிருந்து எண்ணினாள். அவளுக்கு இந்த விளையாட்டின் விதி தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பூண்டியில் பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. மூன்றே முக்காலுக்குத் திருவள்ளூர். கடைத்தெருவில் அவள் சொன்ன பழைய இரும்புக் கடை ஞாயிறன்றும் திறந்திருந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தற?" என்றாள்.

"நீதானே சொன்ன."

"நேரா போ."

ஸ்டேஷன் வாசலில் மறுபடி நிறுத்தி, ரயிலில் போய்விடு, இன்னும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சாக்கின்மேல் உட்கார முடியாது என்றேன். "முதுகு போனா போவுது. ஓட்டு" என்றாள். பெரிய பல்சக்கரம் என்பதால் வண்டி மணிக்கு முப்பத்தைந்தைத் தாண்டாது. லாரிகளும் மாட்டு வண்டிக்காரர்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். திருநின்றவூரில் இறங்கிச் சோடா குடித்தோம், பாட்டில் இருபது காசு. "உன்ன அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணா" என்றாள் சரோஜா, பாட்டிலைப் பார்த்துக்கொண்டு. கேட்டதில் தப்பில்லை, எனக்கே சந்தேகம் இருந்தது என்றேன். அதுதான் உண்மையும். அந்தப் பின்னைச் செருகிய நினைவு எனக்கு இன்றுவரை வரவில்லை. தினம் செய்கிற வேலையைக் கை தானாகவே செய்திருக்கிறது, மனம் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து பூட்டிய சக்கரத்தை இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் நான் வெளியே விடுவதில்லை.

ஆவடியைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. காலையில் இதே வழியாக ரயிலில் போனபோது வில்லிவாக்கம் எது, அம்பத்தூர் எது என்று நான் பார்க்கவே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. ஆறு மணிக்குப் பெரம்பூரில் அவர்கள் தெரு. இஞ்சின் சத்தம் கேட்டு மாப்பிள்ளை கம்பை ஊன்றி வாசலுக்கு வந்து நின்றார். வண்டி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதன்மேல் தன் மனைவி வருவாள் என்று அறவே எதிர்பார்க்கவில்லை.

சரோஜா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மலையடியில் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், அந்தக் குட்டி?" என்றார்.

"கொட்டகையில என் பையைத் தின்னப் பாத்துது" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் கம்பு ஆடியது. சரோஜா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். நான் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.