வளைவில் ஒதுங்கிய ஆயில்

மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பைக் பட்டறை வாசலுக்கு வந்து நிற்பதற்குள், தெருமுனையில் கேட்ட சத்தத்தை வைத்தே, "டேப்பெட் தளர்ந்திருக்கு" என்று சொல்லி ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட காதில் மனுஷர் பேசுவது மட்டும் சரியாக ஏறுவதில்லை என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார்.

அவருடைய ஒரே மகள், சின்ன ரேஸ் கார் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புதுக் கார் கனவிலும் கிடையாது. பழைய இரும்புக் கடையில், முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கிய அறுநூறு சிசி பைக் ஒன்று கிடந்தது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒன்றரை வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. இரும்புக் குழாயை வளைத்து வெல்டு வைத்துச் சட்டம் கட்டினார்கள். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின், அதிலிருந்து பின் அச்சுக்குச் செயின். பிரேக் தட்டு, ரேடியேட்டர், மீட்டர் எல்லாம் அதே பைக்கினுடையவை. பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் இல்லையே என்று அவர் தலையைச் சொறிந்தபோது, "ரேஸ்ல யாருப்பா பின்னாடி போறா?" என்றாள் மகள். கிடங்குத் தெருவின் நேர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் பூப்போல ஓடியது.

பந்தயம் எட்டுச் சுற்று. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு பெரிய குழு அவளைத் தங்கள் காரில் ஓட்ட எடுத்துக்கொள்ளும். மூன்றாவது சுற்றில் அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காவது சுற்றில், அந்த நீண்ட வலது வளைவில், அவர் காதில் விழுந்தது. மெல்லிய 'டக்'. வளைவு முடிந்ததும் காணாமல் போனது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி, கொஞ்சம் கனமாக.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாக இரண்டு சக்கரத்தையே பார்த்த புத்தி. பைக் வளைவில் சாயும். கூடவே எஞ்சினும் சாயும். அடியிலிருக்கும் ஆயில் இருந்த இடத்திலேயே இருக்கும். கார் சாயாது. ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உறிஞ்சும் குழாய் வெறும் காற்றைக் குடிக்கும். ஆயில் தொட்டிக்குள் ஒரு தடுப்புத் தகடு வைத்திருந்தால் போதும். உள்ளங்கை அகலத் தகடு. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

வேலி ஓரம் ஓடி இரண்டு கையையும் வீசினார். நிறுத்து, நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தினார். மகள் பார்த்தாள். அப்பா உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தாள்.

கொடிக்காரரிடம் ஓடினார். "நிறுத்துங்க தம்பி, எஞ்சின் இறுகிப் பிடிக்கப்போகுது."

"புகை வந்தாத்தான் கொடி காட்டலாம்ணே."

"எனக்குச் சத்தம் கேக்குதுப்பா."

"எல்லாருக்கும்தான் கேக்குது."

கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் எஞ்சினைக் காப்பாற்றிக் கொடுத்தவர், சொந்த மகள் உட்கார்ந்திருந்த எஞ்சின் சாவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது சுற்றில் அது இறுகிப் பிடித்து நின்றுபோனது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் இரண்டு முறை சுழன்று புல்லில் போய் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தால், மகள் உடம்பில் ஒரு காயமில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். "நான்தான்ப்பா உடைச்சிட்டேன். நாலாவது கியருக்கு இறக்குறப்ப ரெண்டு தடவை அழுத்தி மூணாவதுல போட்டுட்டேன். ஒன்றரை வருஷத்தையும் ஒரே மிதியில நாசமாக்கிட்டேன்."

பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பெரிய குழுவின் மேலாளர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"சார், தப்பு என்னுது. ஆயில் ஒதுங்கிடுச்சு. அவ மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார் மெக்கானிக்.

மேலாளர் அவர் தோளைத் தட்டினார். "நல்ல அப்பா நீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார். கருகி, தோல் உரிந்துபோன பேரிங்கை எடுத்து மகளிடம் நீட்டினார். "பாரும்மா. இது ஆயில் இல்லாம எரிஞ்சது. கியரால இல்ல. நான் செஞ்ச தப்பு."

அவள் பேரிங்கைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். "சின்ன வயசுல அம்மாவோட கண்ணாடியை நான் உடைச்சப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. இதே மூஞ்சியை வச்சுக்கிட்டு."

"அது வேறம்மா. இது நிஜம்."

"அன்னிக்கும் நிஜம்னுதான் சொன்னீங்க."

மறுபடி சொன்னார். படம் போட்டுக் காட்டினார். குரல் உடைந்துபோய்க் கெஞ்சினார். அவர் சொல்லச் சொல்ல, அவள் இன்னும் பரிவாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. நான் இனிமே ஓட்டலை" என்றாள்.