செல்லையன் அண்ணன் சொன்ன ஆர்டர்கள்

செல்லையன் அண்ணன் இந்த மழைக்காலம் தாண்டமாட்டார் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். சந்தேகம் இருப்பவர்கள் நம் சமையல் குழுவில் பந்தி விளம்பும், அதாவது பரிமாறும், ஆட்களிடம் விசாரிக்கலாம். ஆனாலும் குழித்துறை மண்டபத்தில் பிரதமன் பாயசம் கிண்டும்போது அவர் மகன் போனில், "மாமா, அப்பா போயிட்டாவ" என்றதும் கரண்டி கைநழுவிவிட்டது.

அண்ணன் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலியாக இருந்து ஓய்வு பெற்று, நம்மோடு பந்தி மேற்பார்வைக்கு வந்தவர். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும் இங்கிலீஷில் என்னை யாரும் அசைக்க முடியாது. ஆர்டர் என்றால் கல்யாண வீட்டுக்காரர் சொல்லிவிட்ட சாப்பாடு என்பேன். அவருக்கோ அது ஜட்ஜ் எழுதிய உத்தரவு. "அந்த ஆர்டருக்கு மேல்கோர்ட்டு உண்டு மக்கா. இலையில விளம்புன ஆர்டருக்கு அப்பீலே கெடையாது" என்பார்.

களியக்காவிளைக் கல்யாணத்தில் அது தெரிந்தது. பருப்பு, சாம்பார், பாயசம், அப்புறம்தான் ரசம், மோர் என்பது நம் பந்தி வரிசை. நான் அவசரத்தில் ரசத்தை முந்தி அனுப்பிவிட்டேன். பாயசமே கிடையாது போல என்று மாப்பிள்ளை வீட்டார் இலையை மடக்கத் தொடங்கினார்கள். அண்ணன் கோர்ட் குரலில் ஒரு அதட்டல் போட்டார். ஐயாயிரம் பேர் அடங்கினார்கள். சரி, ஐயாயிரம் இல்லை, மண்டபம் கொண்ட மட்டும். "தப்பு எனக்க தப்பு. இருங்க, பாயசம் வருது" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

பிறகு என்னிடம், "சர்ச்சுல ஆராதனைக்கும் ஒரு ஆர்டர் உண்டு. பாட்டும் ஜெபமும் முன்ன பின்ன ஆனா ஆண்டவர் பொறுப்பாரு. மாப்பிள வீட்டுக்காரன் பொறுப்பானா?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து, "பந்திய நீ பாத்துக்கோடே" என்றார். அடக்கத்தன்று இதைச் சொன்னேன். அண்ணன் மனைவி ரோசம்மாள் மைனி, "அப்ப நினைவுநாள் சாப்பாட்ட நீங்கதான் விளம்பணும். அவிய சொன்ன ஆர்டராக்கும்" என்று அழுதார்.

மைனி, அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் இதை நீங்கள் படித்துவிட வேண்டும். நான் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. அண்ணன் போனில் கூப்பிட்டார். தொண்டை போய் வெறும் காற்றாக வந்தது குரல். "ஒருக்கா வந்துட்டுப் போடே" என்றார். "கல்யாண ஆர்டர் இருக்கு அண்ணே" என்றேன். ஒரு ஆர்டரும் இல்லை. வீட்டில்தான் இருந்தேன். மண்டபத்தையே அடக்கிய மனிதரை அந்தக் குரலோடு பார்க்கப் பயம்.

கையைப் பிடித்தது, பந்தியை ஒப்படைத்தது எல்லாம் நான் சேர்த்தது. அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் போனில் கேட்ட மூச்சு மட்டும்தான்.