கடைசித் தாள் இல்லாத சுவிசேஷம்

வேதப் புத்தகம் விற்கப் போகிறவனுக்கு வாசலில் இரண்டே வரவேற்புத்தான்: ஒன்று நாய், மற்றது கேள்வி. நாய்க்கு என்னிடம் குடை இருந்தது. கேள்விக்கு ஒன்றும் இருக்கவில்லை. தோளில் பை மாட்டிப் படியேறி இறங்கிய எவருக்கும், அது சவர்க்காரப் பையோ ஊசி நூல் பையோ, என் பாடு விளங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியைச் சுற்றி ஆறு மாதம் அப்படித் திரிந்தேன்.

ஒரே கேள்வி

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னை ஆறு மாதத் தவணையில் வேலைக்கு எடுத்தவர் கண்டியில் வேதப் புத்தகங்களைச் சேமித்து விற்கும் கிட்டங்கியின் மேற்பார்வையாளர். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்தவர்தான். அதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. தவணை முடிவில் ஒரு பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் கலியாணம் என்று அம்பிட்டியவில் நான் கட்ட நினைத்திருந்த கிரேஸின் தகப்பனார் அடித்துச் சொல்லிவிட்டார். ஆகவே எனக்கு அந்தப் பரீட்சை வாழ்வா சாவா என்ற விஷயம்.

கேள்வியை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: என் பையில் இருக்கும் புத்தகம் இயேசுநாதர் காலத்திலிருந்து என் பை வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது? படிக்கச் சொல்லித் தலையணை போன்ற ஓர் ஆங்கிலப் புத்தகமும் தந்தார். மூன்றாம் பக்கம் தாண்டியதாக நினைவில்லை, தலையணையாகத்தான் பயன்பட்டது. கிளம்பும்போது கதவடியில் வைத்து எச்சரித்தார்: "தம்பி, கேக்கிறவனுக்கு விளங்கச் சொல்லவேணும். பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவிச்சீரோ, அடுத்த ரயில்ல யாழ்ப்பாணம்தான்!"

கண்டவரா, கேட்டவரா?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் லூக்காவின் சுவிசேஷத்தைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, "இந்த லூக்கா ஈஸா நபிய நேர்ல கண்டவரா?" என்று கேட்டார். "ஓம், கூடவே திரிஞ்சவர்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. நிரூபித்துக் காட்டுவதற்காக முதல் பக்கத்தையும் நானே திறந்தேன். தான் நேரில் கண்டதில்லை, கண்டவர்களிடம் விசாரித்து ஒழுங்காக எழுதியதாக லூக்காவே அங்கே சொல்லியிருக்கிறார்!

வந்த வழியே பாலத்தில் திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு பிளேன்டீ சொல்லி, கதிரையை என் பக்கம் நகர்த்தினார். "காணாதவர் கண்டவங்ககிட்ட கேட்டு எழுதினது நல்ல வேலதான் தம்பி. எங்களிலயும் நபிமொழிய ஆர் ஆர்கிட்ட கேட்டாருன்னு பேர் பேரா விசாரிப்பாங்க. நீங்கதான் வாசிக்காமச் சொல்லிட்டீங்க."

நாலு புலி

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கங்காணி. சுவிசேஷம் நாலு என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சங்கதியைச் சொல்ல நாலு பேர் எதற்கு, ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பிடிக்கவில்லையா என்று பிடித்துக்கொண்டார். அன்று விடியற்காலையில்தான் சிறுத்தைப்புலி ஒன்று அவருடைய நாயைக் கொண்டுபோயிருந்தது. பார்த்த நாலு பேர் அந்நேரம் சொல்ல வந்தார்கள். ஒருவனுக்குப் புலி மாடு உயரம், ஒருவனுக்குக் கன்று உயரம். ஒருவன் மேட்டுப் பக்கம் போனது என்றான், இன்னொருவன் ஓடைப் பக்கம் என்றான். கல்லெறிந்து விரட்டியவன் யார் என்றால், அவரவர் கதையில் அவரவர்தான். நாய் போனதில் மட்டும் நாலு பேருக்கும் பேதமில்லை.

கங்காணி நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்துச் சொன்னார்: "நாலு பேரும் ஒரே மாதிரி ஒப்பிச்சிருந்தா, கூடிப் பேசிக்கிட்டு வந்து பொய் சொல்றானுங்கன்னு வெரட்டி விட்டிருப்பேன். நாலு பொஸ்தகத்தையும் குடுங்க!"

பெயர் உள்ள கடிதம்

அதே தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், இராமநாதபுரத்திலிருந்து ஒருவருக்கு வந்த கடிதத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள். கடிதம் ஒருவருக்கு, கேட்க வந்ததோ லயம் முழுவதும். முக்கால் கடிதம் விசாரிப்புத்தான்: இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும், இன்னாருக்குக் கால் வலி தேவலையா. வேதத்தில் அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களான நிருபங்களில் கடைசியில் வரும் பெயர்களையெல்லாம் நான் எப்போதும் தாவிவிடுவேன், அன்றுதான் வெட்கப்பட்டேன். அடுத்த லயத்தார் தாங்களும் கேட்கக் கடிதத்தை இரவல் கேட்டார்கள். அதற்குரியவர் சரி என்றார். பெயர் வாசிக்கப்பட்ட ஒரு மாமா மட்டும் அதைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார்: "வேணும்னா பாத்து எழுதிக்கிட்டுப் போங்க. எம் பேரு இருக்கிற காயிதத்த நான் குடுக்க மாட்டேன்!"

கடைசித் தாள்

தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மழையில் என் பை நனைந்து, ஒரு மாற்கு சுவிசேஷத்தின் கடைசித் தாள் கழன்று பையின் அடியில் ஒட்டிக்கொண்டது. அது தெரியாமல் புத்தகத்தைப் பொன்னம்மாவிடம் விற்றுவிட்டேன். பொன்னம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், நன்றாக வாசிப்பாள். பை காய வைத்தபோதுதான் தாளைக் கண்டேன். குறைப் புத்தகம் விற்றான் என்று கிட்டங்கிக்கு ஒரு சொல் போனால் வேலை போச்சு, கிரேஸும் போச்சு.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். மதியம் கொழுந்து நிறுக்கக் காத்திருந்த பெண்களுக்கு அவள் புத்தகத்தை வாசித்து முடித்திருந்தாள். அது எங்கே முடிந்திருந்தது தெரியுமா? கல்லறை வெறுமையாய் இருப்பதைக் கண்ட பெண்கள் பயந்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்ற இடத்தில். "மன்னிக்கவேணும், மிச்சம் இதில் இருக்கு" என்று தாளை நீட்டினேன். அவள் அவசரப்படவில்லை. "மிச்சம் எங்களுக்குத் தெரியுமே ஐயா. யாருக்கும் சொல்லலைன்னா எழுதினவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? பயம் தெளிஞ்சதும் மொத வேலையாச் சொல்லியிருப்பாங்க!" என்றாள். கூடைக்காரிகள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அப்படி மனம் விட்டுச் சிரித்து எனக்கு மாதக்கணக்காகியிருந்தது.

பரீட்சை

மேற்பார்வையாளர் கேள்வியைக் கேட்டார். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? பொன்னம்மாவில் தொடங்கினேன். கழன்ற தாளையும் மறைக்கவில்லை. மடியில் கட்டிய கடிதம், நாலு புலி, பிளேன்டீ என்று வாயில் வந்த வரிசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரயில் நிச்சயம் என்று நினைத்தேன்.

பார்த்தால், மனுஷன் தோள் குலுங்கச் சிரிக்கிறார்! "அந்தப் பிள்ளை வாசிச்ச இடத்திலதான் ஆகப் பழைய கையெழுத்துப் பிரதிகளும் நிக்குது, தெரியுமோ? மிச்சம் பிறகு ஆரோ சேர்த்ததெண்டு படிச்சவை சொல்லுகினம்" என்றார். பிறகு மைக்கூட்டையும் தாளையும் என் பக்கம் தள்ளினார்: "வேலை உமக்குத்தான். மறக்க முன்னம் இதெல்லாத்தையும் எழுதி வையும் தம்பி. சுவிசேஷங்களும் அப்பிடித்தான் எழுதப்பட்டது."

அன்று எழுதியதைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். கிரேஸைக் கேட்டால் எங்கள் கலியாணம் நடந்த கதையை வேறு மாதிரிச் சொல்லுவாள், அதிலும் பொய் இராது.